குடும்பத்தோடு முதல் ஆல்ப்ஸ் பயணம்: யுங்ஃப்ராவ் மலைப்பகுதிக்குத் திட்டமிட முழுமையான வழிகாட்டி

ஆல்ப்ஸ் மலைத்தொடர் எட்டு நாடுகளில் பரந்து கிடக்கிறது. முதல்முறை போகும் குடும்பத்துக்கு அதில் ஒரு மூலை போதும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தின் தென்பகுதியில், தூன் ஏரிக்கும் பிரியன்ஸ் ஏரிக்கும் நடுவில் இன்டர்லாக்கன் ஊர் இருக்கிறது. அதன் பின்னால் ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் என்று மூன்று சிகரங்கள். ரயிலும் கேபிள் காரும் ஏறாத இடமே இல்லை என்னும் அளவுக்கு இங்கே வசதி உண்டு. சிறு குழந்தையும் முழங்கால் வலிக்கும் பாட்டியும் ஒரே நாளில் பனியைத் தொட்டுவிட்டு இரவு உணவுக்கு இறங்கிவிடலாம். (நம்மூரில் 'ஜங்ஃப்ராவ்' என்பார்கள். அங்கே 'யுங்ஃப்ராவ்' என்று சொன்னால்தான் கவுன்டரில் புரியும்.)

பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் தவறு ஒன்றுதான். பாரிஸ், சூரிக், லூசர்ன், இன்டர்லாக்கன், மிலான் என்று ஏழு நாளில் ஐந்து ஊர் போட்டுக்கொண்டு, மலைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குவார்கள். அந்த ஒரு நாளில் மேகம் மூடிக்கொண்டால், ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஏற்பாட்டைச் சுற்றித்தான்: ஒரே ஊரில் குறைந்தது ஐந்து இரவு தங்குங்கள், மலை உச்சிக்கான நாளை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள்.

எந்த மாதம்

நமக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. ஆல்ப்ஸுக்கோ அது இரண்டுங்கெட்டான் பருவம். பனிச்சறுக்குக் காலம் முடிந்து, கோடைக் காலம் தொடங்கும் முன் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். இரண்டாயிரம் மீட்டர் உயரத்து நடைபாதைகளில் பனி கிடக்கும். ஷீனிகே பிளாட்டே பல்சக்கர ரயிலும் பிரியன்ஸ் ரோட்ஹார்ன் நீராவி ரயிலும் கோடையில் மட்டுமே ஓடுபவை. மே முதல் வாரத்தில் இரண்டும் நின்றுதான் இருக்கும்.

அதற்காக மே மாதத்தை ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். பனி உருகும் காலம் என்பதால் அருவிகள் முழு வேகத்தில் விழும், பள்ளத்தாக்குப் புல்வெளியெல்லாம் பூத்திருக்கும், மலைமேல் உள்ள யுங்ஃப்ராயோக் நிலையத்துக்கான ரயில் ஆண்டு முழுவதும் ஓடும் (இந்த வழிகாட்டியில் 'உச்சி' என்பது அந்த நிலையம்தான்). மே மாதம்தான் வாய்க்கும் என்றால் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு போங்கள், மலை நடையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நடக்க ஆசை இருந்தால் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. காலாண்டு விடுமுறையை ஒட்டிய செப்டம்பர் கடைசி வாரம் நல்ல தேர்வு. கூட்டம் குறைந்திருக்கும், வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நவம்பர் மட்டும் வேண்டாம்: மழை, மூடிய கேபிள் கார், ஐந்து மணிக்கே இருட்டு.

விசா: ஐந்து மாதம் முன்னால் தொடங்குங்கள்

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் முன்பு. முடிவு தெரிய வழக்கமாக 15 நாள், சிக்கல் வந்தால் 45 நாள் வரை ஆகும். கோடை விடுமுறைக்கு முன் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பெரிய பாடு என்பதால் மூன்று மாதம் முன்னதாகவே நேரத்தைப் பிடித்துவிட வேண்டும்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் கைரேகை எடுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கியதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதில் ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அடங்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

விண்ணப்பம் எங்கே சிக்கும் என்றால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான்:

- பாரிஸில் நான்கு இரவு, சுவிஸில் மூன்று இரவு என்று போட்டுவிட்டு சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பிப்பது. அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு.
- பயணத் திட்டத்தில் உள்ள இரவுகளும் ஹோட்டல் முன்பதிவும் பொருந்தாமல் ஒரு இரவு அந்தரத்தில் நிற்பது.
- விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்து விழுவது. கேட்டு வாங்கிப் போட்ட பணம் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.
- காப்பீடு விமானம் ஏறும் நாளோடு முடிந்துவிடுவது. திரும்பும் நாளுக்குப் பிறகும் இரண்டு நாள் சேர்த்தே வாங்குங்கள்.
- அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துப் போகும்போது மற்றவரின் நோட்டரி கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் போவது.

விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகவே பதிவு செய்யுங்கள்.

விமானமும் முதல் ரயிலும்

சென்னையிலிருந்து சூரிக்குக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றில் மாறலாம், இல்லையென்றால் பிராங்க்பர்ட் வழி. சூரிக்கில் காலை இறங்கும் விமானமாகப் பாருங்கள். நள்ளிரவு இறங்கினால் அந்த இரவு அறை வாடகை வீண். கடிகாரத்தைக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும், குளிர்காலத்தில் நாலரை.

ரயில் நிலையம் விமான நிலையத்தின் அடியிலேயே இருக்கிறது. இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை சுமார் இரண்டேகால் மணி நேரம், பொதுவாக பெர்னில் ஒரு மாற்றம். புறப்படும் முன்பே சுவிஸ் ரயில்வேயின் 'எஸ்பிபி மொபைல்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். எந்த நடைமேடை, எந்தப் பிரிவு, எத்தனை நிமிடம் தாமதம் என்று எல்லாம் அதில் வரும். நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று பலகை தொங்கும். இரண்டாம் வகுப்புப் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்பதையும் செயலி காட்டும். நான்கு பெட்டியோடு நடைமேடை நெடுக ஓடுவது மிச்சம். டிக்கெட்டை ஏறிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பழக்கம் அங்கே கிடையாது, அபராதம் நூறு பிராங்க் அளவுக்கு வரும்.

எங்கே தங்குவது

வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்துக்கு அருகில், அல்லது அதற்கு அடுத்த நிலையமான வில்டர்ஸ்வில். சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, இந்திய உணவகம் எல்லாம் எட்டும் தூரம். சன்னலைத் திறந்தால் அருவி தெரிய வேண்டும் என்றால் லவுட்டர்புருன்னன். மலை முகத்துக்கு நேரே இருக்க வேண்டும் என்றால் கிரிண்டெல்வால்ட். கார் நுழையாத வெங்கனும் மியூரனும் அழகில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் மலை ரயிலிலோ கேபிள் காரிலோ இறங்கி ஏற வேண்டும், பெட்டியையும் அப்படியே தூக்க வேண்டும். முதல் பயணத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

ஹோட்டல் அறையைவிட சமையலறை உள்ள விடுமுறை வீடு மேல். அங்கே 'ஃபெரியன்வோனுங்' என்பார்கள். பல ஹோட்டல்களில் நான்கு பேரை ஒரே அறையில் விட மாட்டார்கள், இரண்டு அறை எடுக்கச் சொல்வார்கள். வீட்டு வாடகையில் மூன்று விஷயம் பாருங்கள்: கடைசிச் சுத்தம் செய்யும் கட்டணம், ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்ற உள்ளூர் வரி, விருந்தினர் அட்டை தருவார்களா என்பது. இன்டர்லாக்கன் வட்டாரத்து அட்டை இருந்தால் உள்ளூர் பேருந்து இலவசம். இரவு பத்துக்கு மேலும் ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது. சில கட்டடங்களில் ஞாயிறு துணி துவைக்கும் இயந்திரத்தைக்கூட ஓடவிட மாட்டார்கள்.

பாஸ் கணக்கு

இங்கேதான் தலை சுற்றும். மூன்று வழி உண்டு.

'சுவிஸ் டிராவல் பாஸ்' 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கும். ரயில், பேருந்து, ஏரிப் படகு, ஐந்நூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் பெரும்பாலான மலை உச்சிகள் அடக்கமில்லை. வெங்கன், கிரிண்டெல்வால்ட், மியூரன் வரை இலவசம், அங்கிருந்து யுங்ஃப்ராயோக் வரைக்கும் 25 சதவீதம் தள்ளுபடி மட்டும். 'பாஸ் இருக்கிறதே' என்று ஏறிவிட்டு மேலே மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

'ஹாஃப் ஃபேர் கார்டு' ஒரு மாதம் செல்லும். ஏறக்குறைய எல்லா டிக்கெட்டும் பாதி விலை, யுங்ஃப்ராயோக் உட்பட. மூன்றாவது 'யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ்' இந்த வட்டாரத்துக்கு மட்டும். ஐகர் பனியாறு நிலையம் வரை அதில் போகலாம், உச்சிக்குத் தனிக் கட்டணம்.

எது லாபம்? ஒரு தாளில் நாள்வாரியாக எல்லாப் பயணத்தையும் எழுதி, எஸ்பிபி செயலியில் முழு விலையைப் பக்கத்தில் போட்டுக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையில் பாதியோடு ஹாஃப் ஃபேர் கார்டின் விலையைச் சேருங்கள். கிடைத்ததை டிராவல் பாஸ் விலையோடு அதற்கான உச்சி டிக்கெட்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று சிகரம் ஏறும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஹாஃப் ஃபேர் ஜெயிக்கும். சூரிக், பெர்ன், லூசர்ன் என்று ஊர் ஊராக ஓடுபவர்களுக்கு டிராவல் பாஸ்.

ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. 6 முதல் 15 வயது வரை 'சுவிஸ் ஃபேமிலி கார்டு' உண்டு. பெற்றோரின் பாஸோடு இலவசமாகத் தருவார்கள், பெற்றோரில் ஒருவர் கூட வந்தால் குழந்தைக்கு ரயில் இலவசம். வாங்கும்போது நாம் கேட்டால்தான் கிடைக்கும். பலர் கேட்காமலே விட்டுவிட்டு அங்கே போய்க் குழந்தைக்குப் பாதி டிக்கெட் எடுக்கிறார்கள்.

உச்சிக்குப் போகும் நாள்

யுங்ஃப்ராயோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். ஐகர் மலையைக் குடைந்து 1896-இல் தொடங்கி 1912-இல் முடித்த பாதை. மேலே ஆல்ப்ஸின் மிக நீளமான அலெட்ஷ் பனியாறு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வளைந்து போகும். அது தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

முந்தின இரவு சுவிஸ் வானிலைச் செயலியைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். காலை ஆறரைக்கு எழுந்து யுங்ஃப்ராவ் ரயில்வே இணையதளத்தில் நேரலைக் கேமராவைத் திறங்கள். கீழே ஊரில் மூட்டமாக இருந்து மேலே வெயில் அடிப்பதும் உண்டு, நேர்மாறாக இருப்பதும் உண்டு. கேமராவில் பனியாறு தெரிந்தால் உடனே கிளம்புங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகும் என்பதால் கோடையில் பதினோரு மணிக்குப் பின் பல நாள் மூடிக்கொள்ளும். கோடை மாதங்களில் உச்சி ரயிலுக்கு இருக்கை முன்பதிவு அவசியம், ஆளுக்கு சுமார் 10 பிராங்க். அதை வானிலை உறுதியான பிறகு, முந்தின நாள் மாலை போட்டால் போதும்.

கிரிண்டெல்வால்ட் டெர்மினலிலிருந்து 2020 டிசம்பரில் திறந்த 'ஐகர் எக்ஸ்பிரஸ்' கேபிள் கார், 15 நிமிடத்தில் ஐகர் பனியாறு நிலையத்துக்குக் (2,320 மீட்டர்) கொண்டுபோய்விடும். அங்கிருந்து சுரங்க ரயிலில் அரை மணிக்குள் உச்சி. இறங்கும்போது அதே வழியில் திரும்பாமல் க்ளைனே ஷைடெக், வெங்கன், லவுட்டர்புருன்னன் வழியாகப் பழைய ரயிலில் வாருங்கள். வட்டம் முழுமையாகும், பார்த்ததையே திரும்பப் பார்க்க வேண்டாம். பலத்த காற்று வீசும் நாளில் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அப்போதும் இந்த ரயில் பாதை கைகொடுக்கும்.

இன்டர்லாக்கன் ஓஸ்டில் ஏறும்போது ஒன்றை மறக்காதீர்கள். லவுட்டர்புருன்னன் ரயிலும் கிரிண்டெல்வால்ட் ரயிலும் ஒன்றாகவே இணைந்து புறப்பட்டு, ட்ஸ்வைலூட்ஷினன் என்ற சிறு நிலையத்தில் பிரியும். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்து ஏறுங்கள். அப்பா ஒரு பாதியிலும் குழந்தைகள் மறு பாதியிலும் உட்கார்ந்தால் ஆளுக்கொரு பள்ளத்தாக்கு.

உயரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சு வாங்கும், தலை கனக்கும், சிலருக்குக் குமட்டும். குழந்தைகள் ரயிலை விட்டதும் ஓடுவார்கள், பத்து நிமிடத்தில் சுருண்டு உட்காருவார்கள். மெதுவாக நடக்க வையுங்கள், தண்ணீர் அடிக்கடி கொடுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். தலைவலி கூடிக்கொண்டே போனால் அடுத்த ரயிலில் இறங்குவதுதான் மருந்து. கேபிள் காரில் காது அடைக்கும் என்பதால் சிறு குழந்தைக்கு அந்த 15 நிமிடமும் பால் பாட்டிலோ மிட்டாயோ வாயில் இருக்கட்டும். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தை வைத்திருப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். உச்சியிலிருந்து கடைசி ரயில் மாலை ஐந்து, ஆறு மணிவாக்கில் கிளம்பிவிடும், ஏறியதுமே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்கள்: இரண்டு பட்டியல்

நாள்வாரி அட்டவணை போடாதீர்கள். வெயில் பட்டியல் ஒன்று, மழைப் பட்டியல் ஒன்று எழுதி வைத்துக்கொண்டு, காலையில் வானத்தைப் பார்த்து எடுங்கள்.

வெயில் நாளுக்கு: கிரிண்டெல்வால்டிலிருந்து ஃபிர்ஸ்ட் (2,168 மீட்டர்). பாறை விளிம்பில் தொங்கும் நடைபாலம் இருக்கிறது, அங்கிருந்து பாக்ஆல்ப்சே ஏரிக்கு ஒரு மணி நேர நடை. மென்லிஹனிலிருந்து க்ளைனே ஷைடெக் வரை சுமார் நாலரை கிலோமீட்டர் பாதை, கண்ணெதிரே மூன்று சிகரம், பெரும்பாலும் லேசான இறக்கம். எட்டு வயதுப் பிள்ளை நடந்துவிடும். 1893-இலிருந்து ஓடும் ஷீனிகே பிளாட்டே ரயில், மாலையில் இன்டர்லாக்கனுக்கு மேலே உள்ள ஹார்டர் குல்ம் காட்சிமுனை.

மழை நாளுக்கு: ட்ரும்மெல்பாக் அருவிகள். மூன்று சிகரத்துப் பனியாறுகளின் நீரும் மலைக்குள்ளேயே பத்து அருவியாக விழும், நொடிக்கு 20,000 லிட்டர் வரை. உள்ளே லிஃப்டில் ஏறிப் பார்க்கலாம், வெளியே மழை பெய்தால் என்ன. ஆனால் நான்கு வயதுக்குக் கீழ் குழந்தையை விட மாட்டார்கள், குளிர்காலத்தில் மூடியிருக்கும். பிரியன்ஸ் ஏரிப் படகில் கீஸ்பாக் அருவி வரை போய் 1879-இல் கட்டிய இழுவை ரயிலில் ஏறலாம். பெர்ன் நகரம் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரின் கடைவீதிகளில் நனையாமலே நடக்கலாம், அவ்வளவு நீளத்துக்குக் கூரை போட்ட நடைபாதை. பெர்னில் ஓய்ரோப்பாபிளாட்ஸ் நிலையத்தருகே 'மதங்களின் இல்லம்' என்ற கட்டடத்துக்குள் ஈழத்தமிழர்கள் நடத்தும் சிவன் கோயில் இருக்கிறது.

இறங்கிய மறுநாள் லவுட்டர்புருன்னன், மியூரன் (1,638 மீட்டர்) போன்ற நடுத்தர உயரத்தோடு நிறுத்துங்கள், தூக்கமும் மூச்சும் சரியாகும். மறுநாளே வானம் பளிச்சென்று இருந்து அடுத்த நான்கு நாளும் மழை என்று காட்டினால் மட்டும் விதியை உடைத்து உச்சிக்குப் போய்விடலாம்.

சாப்பாடு, பணம், துணி

உணவகத்தில் ஒரு தட்டு 20 முதல் 30 பிராங்க். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். நான்கு பேர் இரு வேளை வெளியில் சாப்பிட்டால் அறை வாடகையைத் தொட்டுவிடும். அரிசி, தயிர், காய்கறி எல்லாம் மிக்ரோஸ், கோப் கடைகளில் கிடைக்கும். காலையில் எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போங்கள். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் பெரிய பெட்டியில் போகட்டும். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டுவரத் தடை. இன்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடாகாது. கடைகள் மாலை ஏழுவாக்கில் மூடும், ஞாயிறு பெரும்பாலும் திறக்காது, ரயில் நிலையக் கடைகள் மட்டும் விதிவிலக்கு. சைவம் என்றால் ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவலில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்: 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல். குடிநீர் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

பணம் சுவிஸ் பிராங்க், யூரோ இல்லை. அட்டை தேய்க்கும்போது இயந்திரம் 'ரூபாயில் கட்டவா' என்று கேட்டால் பிராங்க் என்றே அழுத்துங்கள், ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் அடிபடும். பொதுக் கழிப்பறைக்கு ஒன்றிரண்டு பிராங்க் சில்லறை வேண்டும். ரயிலுக்குள் இலவசம்.

நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். இன்டர்லாக்கனில் 22 டிகிரி என்றால் உச்சியில் ஐந்துக்குக் கீழ், காற்று வேறு. ஒரே தடித்த கோட்டைவிட உள்ளே தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு நல்லது. பருத்தி பனியன் வியர்த்து நனைந்தால் அதுவே குளிரும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் குழந்தைக்கும் சேர்த்து கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகவாயின் அடியைக்கூடச் சுட்டுவிடும். பிடிமானமுள்ள ஷூ போதும், செருப்பு வேண்டாம்.

சார்ஜர் விஷயம் சின்னது, ஆனால் முதல் இரவே தொல்லை தரும். சுவிஸ் பிளக் துளை பள்ளத்துக்குள் அறுகோணமாக இருக்கும். நம் உருண்டை மூன்று முனைப் பிளக்கும் நுழையாது, 'ஐரோப்பிய அடாப்டர்' என்று விற்கும் தடித்த வட்டமும் நுழையாது. மெல்லிய இரண்டு முனை சார்ஜர் நேராகப் போகும். மற்றதற்கு சுவிஸ் வகை என்று கேட்டு ஒரு அடாப்டரும், அதில் செருக ஊரிலிருந்தே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் எடுத்துக்கொண்டால் நான்கு போனும் ஒரே இடத்தில் ஏறிவிடும்.

ஆம்புலன்ஸ் எண் 144, மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. இரண்டையும் எல்லாருடைய போனிலும் ஏற்றிவையுங்கள். கடைசி இரவை மட்டும் சூரிக் பக்கம் மாற்றுங்கள். இன்டர்லாக்கனிலிருந்து லூசர்ன் வழியாகப் போகும் ரயில் இரண்டு மணி நேரம் ஏரி ஓரமாகவே பெரும்பாலும் ஊரும். லூசர்னில் பெட்டிகளை லாக்கரில் பூட்டிவிட்டு மரப்பாலத்தைப் பார்த்துவிட்டு மாலை சூரிக் சேரலாம்.